பைபாஸ் வைக்காத குளம்

பனியன் கம்பெனிக்காரர்களும், அவர்களுக்குப் பட்டனும் லேபிளும் அட்டைப்பெட்டியும் விற்பவர்களும் குடியிருந்த நொய்யல் அவென்யூவில், பூங்காக் குளத்து மீன்களின் நிறம் கழன்றுபோக ஆரம்பித்த அந்த ஆவணி மாதத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. திருப்பூரில் பிழைப்பவர்களுக்கு நிறம் என்பது வந்து ஒட்டுகிற ஒன்று, சரியாக ஒட்டாவிட்டால் போய்விடுகிற ஒன்று. ஆகவே ஒட்டியவன் யார், ஏமாற்றியவன் யார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள். அந்த இரண்டையும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர் ஒருவர் அந்தக் காலனியிலேயே இருந்தார். குளத்தை வடிவமைத்தவரும் அவர்தான்.

சென்னியப்பன் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்றில் மேற்பார்வைப் பொறியாளராக இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஒரு மடக்குக்கூடக் குடித்தறியாதவர். எவர்சில்வர் தம்ளரில் உள்ளே இருப்பது தெரியாது என்பதற்காக வீட்டில் எல்லாவற்றையும் கண்ணாடியாக மாற்றியிருந்தார். கல்யாணப் பந்தியில் ரசத்தைக்கூட அவர் தூக்கிப் பார்ப்பதாக மனைவியின் சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய உத்தியோகமே திருட்டுக் குழாய் தேடுவதுதான்: சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குள் நுழையாமல், சுவரோரமாகவும் சாக்கடைக்கு அடியிலுமாக ஊர்ந்து, சாயத் தண்ணீரை அப்படியே ஆற்றில் கொண்டுபோய் விடுகிற பைபாஸ் குழாய். புல் எங்கே ஒரு பிடி கூடுதலாக முளைத்திருக்கிறது, சிமெண்ட் எங்கே ஒரு பூச்சு புதிதாக இருக்கிறது, வாட்ச்மேன் எங்கே வழக்கத்தைவிட அதிகமாகப் பேசுகிறான் என்று பார்த்துப் பார்த்து அவர் எத்தனையோ குழாய்களைத் தோண்டி எடுத்திருக்கிறார். இந்த வேலைதான் தன்னை இப்படி ஆக்கியதா, இப்படிப்பட்டவன் என்பதால்தான் இந்த வேலைக்கு வந்தோமா என்று சில நாட்களில் யோசிப்பார். யோசித்துக்கொண்டே இருப்பாரே தவிர, எந்தப் பதில் வந்தாலும் அதன் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பூங்காவின் நடுவில், ஜப்பான்காரர்கள் அழகுக்கு வளர்க்கிற கோய் என்னும் வண்ண மீனுக்கு ஒரு குளம் வெட்டலாம் என்று காலனிச் சங்கத் தலைவர் சாயப்பட்டறை சிவமலை சொன்னபோது, தண்ணீர் விஷயம் என்பதால் வரைபடம் போடும் பொறுப்பு சென்னியப்பனுக்கு வந்தது. மீன் வாங்கிவரும் பொறுப்பு அவருடைய மனைவி அமராவதியின் தம்பி நாச்சிமுத்துவுக்கு வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த நாச்சிமுத்து, அதற்கு முன்னால் காடை வளர்த்தவன், காளான் வளர்த்தவன், ஈமு கோழியும் வளர்த்துப் பார்த்தவன். ஒவ்வொரு தொழிலை விட்டு வரும்போதும் சென்னியப்பனின் மனதில் தன்னைப் பற்றி ஒரு அடுக்குச் சந்தேகத்தைச் சேர்த்துவிட்டு வந்திருந்தான்.

"நடுத்தரையில ஒரு வடிகால், நாலு இஞ்சு பைப்பு, தண்ணி தன்னால சரிஞ்சு வண்டல் தொட்டிக்கு வரணும்," என்று பூங்காவில் கூடியிருந்த சங்கத்தாருக்குச் சென்னியப்பன் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். "அங்கிருந்து பிரஷ் தொட்டி, அப்புறம் பாய் தொட்டி, அப்புறம் பாக்டீரியா குடியிருக்கற உருளைத் தொட்டி. மோட்டார் அதுக்கும் பின்னாடிதான்."

"மோட்டாரை முதல்லயே வெச்சுட்டா தொட்டியெல்லாம் தரைக்கு மேலயே கட்டிக்கலாமுங்களே, பள்ளம் தோண்டற வேலை மிச்சமாகுமே," என்றார் சிவமலை.

"முதல்ல வெச்சா மீன் கழிவை மிக்சியில போட்டாப்பல அரைச்சு விட்டுருமுங்க. அரைச்ச அழுக்கை எந்த ஃபில்டரும் பிடிக்காது. அழுக்கு முழுசா இருக்கறப்பவே பிடிச்சரணும்."

இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் திரும்பி வரும் வாய்கள் இரண்டையும் ஓரமாகச் சாய்த்து வைத்து, குளம் முழுக்க மெதுவாகச் சுழன்று அழுக்கைத் தானே நடுவுக்குக் கூட்டிக்கொண்டு வரும்படி செய்வது என்றும், முழங்கை வளைவுக்குப் பதிலாக நீள வளைவு போடுவது என்றும், மேலே மிதக்கும் இலைதழைக்குத் தனி வாய் விடுவது என்றும் முடிவானது. கடைசியில் சென்னியப்பன் தன் நிலையத்தில் சாயத்தை உறிஞ்சுவதற்கு வைத்திருப்பது போலவே, காங்கேயத்துத் தேங்காய்த் தொட்டிக் கரியை நிரப்பி ஒரு கரித்தொட்டியையும் வரைந்து சேர்த்தார்.

"மச்சான், கரி எதுக்குங்க? மீனுக்கு அது வேண்டாம்," என்றான் நாச்சிமுத்து. "லேசாப் பச்சை ஓடற தண்ணிதான் மீனுக்குச் சந்தோசம்."

"மீனோட சந்தோசத்தை நீ பாரு மாப்ளே, தண்ணியை நான் பார்த்துக்கறேன்."

"சரிங்க, அப்ப கரித்தொட்டியைச் சுத்தி ஒரு பைபாஸாவது விடுங்க. கரி அடைச்சுதுன்னா தண்ணி நின்னுரும். தண்ணி நின்னா காத்து நின்னுரும். அப்புறம் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு..."

அவன் முடிப்பதற்குள் கூட்டம் சிரித்தது. "யாருகிட்ட எந்த வார்த்தை சொல்றே பாரு!" என்றாள் பட்டன்கடை ரேணுகா. சென்னியப்பன் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டே, "நான் வரையற குளத்துல அந்தப் பேச்சே கிடையாது," என்றார். உலகத்தில் மீன் வளர்க்கிற எல்லோரும் யோசிக்காமல் போட்டுவிடுகிற அந்த ஒரு முழக் குழாயை, அது வேறு இடத்தில் வேறு காரியத்துக்குப் பயன்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக, அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மீன்கள் வந்தன. சிவப்பும் கறுப்பும் பொன்னும் வெள்ளையுமாக, ஒன்றின் மேல் இருந்த திட்டு இன்னொன்றின் மேல் இல்லாமல் வந்தன. தண்ணீர் எவ்வளவு தெளிந்ததென்றால், அவை அந்தரத்தில் நீந்துவது போலவும் அவற்றின் நிழல் மட்டும் தனியாகத் தரையில் மேய்வது போலவும் தெரிந்தது. உடம்பெல்லாம் வெள்ளையாக, நெற்றியில் மட்டும் வட்டமாகச் சிவப்பு வைத்திருந்த ஒரு மீனுக்கு அமராவதி பொட்டுக்காரி என்று பெயர் வைத்து, காலையில் கோலம் போட்டு முடித்த கையோடு வந்து தீனி போட்டுவிட்டுப் போவாள்.

முதலில் பொன் போனது, பிறகு கறுப்பு போனது, கடைசியில் சிவப்பும் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கி, ஒவ்வொரு மீனாகச் சலவைக்குப் போய்வந்த பனியன் துணிபோல வெளுத்து நின்றது. சங்கம் கூடியது. இது சாயம் பூசின மீன் என்றார் லேபிள்காரர். பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்றார் சிவமலை. அந்த ஊரில் எந்தத் துணிக்கும் செய்வதைத்தான் அவர்கள் மீனுக்கும் செய்தார்கள்: வெள்ளைத் துணியை நனைத்து, இன்னும் மிச்சமிருந்த சிவப்பின் மேல் அழுத்தித் தேய்த்து, துணியில் கறை இறங்குகிறதா என்று வெயிலில் விரித்துப் பார்த்தார்கள். யாரோ வீட்டுக்கு ஓடிப்போய், சாய நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேட் கார்டுகூடக் கொண்டுவந்தார்கள். நாச்சிமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு மீனாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

"கறை இறங்கலைன்னா நல்ல கெட்டிச் சாயம்னு அர்த்தம்," என்றார் லேபிள்காரர். "கெட்டிச் சாயமே போகுதுன்னா, இது சாதாரண ஏமாத்து இல்லீங்க. பெரிய ஏமாத்து."

அமராவதி கூட்டத்தின் ஓரத்தில் நின்று கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும், என் மச்சினன் அப்படிப்பட்டவன் இல்லை என்கிற ஒரு சொல். சென்னியப்பன் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார், அவன் கைகளைப் பார்த்தார், ஈமு கோழியை நினைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்து ஈரத்தோடு கரையேறி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டிய பிறகுதான் காலில் போட்டான்.

அடுத்த வாரம் சென்னியப்பன் கரித்தொட்டியைக் கழுவத் திறந்தபோது, கரியின் மேல் விரித்திருந்த வலைத்துணியில் மீன்களின் நிறங்கள் படிந்து கிடந்தன, கலங்கலாக அல்ல, அச்சடித்தது போல: இந்தத் திட்டு தோள்பக்கம் கறுப்பு வைத்திருந்த மீனுடையது, இந்தப் பொன் வாலில் கோடு போட்டிருந்ததுடையது என்று அடையாளம் சொல்லும்படியாக. தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரிப்பதற்கென்றே ஒரு ஆயுள் முழுக்கத் தொட்டி கட்டிய மனிதர் கட்டிய தொட்டி, தண்ணீரில் நிறம் தீர்ந்துபோன பிறகு, தண்ணீரில் இருப்பவற்றின் மேல் கைவைத்திருந்தது. அவர் அன்றைக்கே சங்கத்தில் சொல்லிவிட்டார். சொன்னதும் எல்லோரும் அப்படியா என்றார்கள். நாச்சிமுத்துவிடம் போய் யாரும் தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவனிடம் இன்னும் மீன் வேண்டுமென்று சொல்லியனுப்பினார்கள்.

ஏனென்றால் அதற்குள் சிவமலை அந்த வலைத்துணியைப் பிழிந்து கொண்டுபோய்ப் பட்டறையில் ஒரு முழம் துணியை நனைத்துப் பார்த்திருந்தார். அந்தச் சிவப்பு எந்த ஷேட் கார்டிலும் இல்லாத சிவப்பு. கொடியில் தொங்கவிட்டால், காற்றே இல்லாதபோதும் துணி மெல்ல நெளிந்தது. சாம்பிளைப் பார்த்த, அவரிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரன் பதிலுக்கு ஒரே வரி எழுதினான், இன்னும் வேண்டும் என்று. அதன் பிறகு நொய்யல் அவென்யூவின் வாழ்க்கை குளத்தைச் சுற்றியே சுழலத் தொடங்கியது: புது மீன்கள் வந்தன, வெளுத்தன, வெளுத்தவை ஒதுங்கி நின்றன, மறுபடி புது மீன்கள் வந்தன. பொன் நிறம் குலதெய்வக் கோயிலில் சாமி உடுத்தும் பட்டுக்கென்றும், கறுப்பு லேபிள்காரருக்கென்றும் பிரிக்கப்பட்டது. கல்யாண வீட்டுக் கோலத்துக்கு ரேணுகா ஒரு கிண்ணம் மீன்சிவப்பு வாங்கிப்போனாள், அந்தக் கோலத்தை மிதித்தவர்களின் பாதம் மாதக்கணக்கில் செம்பருத்தியாகவே இருந்தது. விடிவதற்குள் யாரோ வலைத்துணியை வழித்துவிடுகிறார்கள் என்று ஒரு வீடு இன்னொரு வீட்டைச் சொல்ல, கரித்தொட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி வைத்திருப்பவர் மேல் சந்தேகம் வரவே இரண்டாவது பூட்டும் போட்டு, அந்தச் சாவியை எதிர்வரிசை வீட்டில் கொடுத்தார்கள். இரண்டு சாவிக்காரர்களும் ஒருநாள் சேர்ந்து டீ குடித்ததைப் பார்த்த பிறகு மூன்றாவது பூட்டைப் பற்றியும் பேச்சு வந்தது.

பொட்டுக்காரியின் நிறம்தான் கடைசிவரை நின்றது. மற்றவையெல்லாம் வந்து வந்து வெளுத்துக்கொண்டிருந்தபோதும் அதன் நெற்றி வட்டம் சிவப்பாகவே இருந்தது. பிறகு ஒருநாள் ரேணுகா, தீனி போட்டுக்கொண்டிருந்த அமராவதியிடம், "அக்கா, உங்க பொட்டுக்காரிக்குப் பொட்டு மங்கறாப்பல இருக்குதே," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்து, வேறு எதையோ பேசிக்கொண்டு போய்விட்டாள்.

அமராவதி வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைத்தான் சென்னியப்பன் கவனித்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் குளத்திலிருந்து திரும்பி வந்ததும் அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தலையிலிருந்து தொடங்கி நெஞ்சில் வந்து நின்று, ஏதோ அளந்ததுபோலக் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு விலகுகிற பார்வை. மாடிப்படி ஏறும்போது கொஞ்ச நாளாக அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும், தெரியாவிட்டால் எதற்காக அங்கே பார்க்கிறாள், ஜோசியம் ஏதும் கேட்டுவிட்டு வந்தாளா, நான் போன பிறகு எப்படி இருப்பதென்று இப்போதே யோசித்துப் பார்க்கிறாளா என்று அவர் மனம் ஒரு அழுக்கைப் பல அழுக்காக அரைத்துக்கொண்டே இருந்தது. கரித்தொட்டியை நிறுத்திவிடலாம்தான். நிறுத்தினால், மீன் நெற்றிக்கும் தன் ஆயுசுக்கும் சம்பந்தம் உண்டென்று நம்பினதாகிவிடும். எதையுமே நம்பாத மனிதர் கடைசியில் இதையா நம்புவது என்று தன்னையே கேட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவரும் குளத்தோரம் போய்ப் பொட்டுக்காரியின் நெற்றியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நெற்றி மங்கியது, இன்னும் மங்கியது, பாதிச் சிவப்பில் வந்து நின்றது. அதற்கு மேல் மங்கவில்லை.

அது நின்ற அதே நாட்களில்தான் சிவமலையின் பட்டறையில் ஷேட் தேறாமல் போனது. புது மீன்கள் வெளுக்கவில்லை. வலைத்துணியைப் பிழிந்தால் ரோஜாத் தண்ணீர்போல வெளிறிப்போய் இறங்கியது. வெளிநாட்டுக்காரன் நீளமாக எழுத ஆரம்பித்தான்.

"யாரோ தண்ணியைத் தொட்டிக்குள்ள விடாமத் தாண்டி விடறாங்க," என்றார் சிவமலை சங்கத்தில். "எங்க பட்டறையில எத்தனை தடவை இந்த சார் வந்து கண்டுபிடிச்சிருக்காரு. எனக்கு அந்த வாசனை தெரியுமுங்க. இது பைபாஸ்."

"என் குளத்துல பைபாஸ் இல்லீங்க," என்றார் சென்னியப்பன்.

"இல்லைன்னா சந்தோசம். இருந்தா அதைக் கண்டுபிடிக்க உங்களை விட்டா இந்த ஊர்ல ஆளேதுங்க?"

சிவமலை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் சென்னியப்பனுக்கு, வெகுநாளைக்குப் பிறகு, கால்களில் பழைய சுறுசுறுப்பு வந்தது. ஃபில்டர் அறையைச் சுற்றி முழங்காலில் நடந்தார், ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினார், தரையில் காதை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். மருதாணிச் செடிக்கு அடியில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. மற்ற கற்களில் பாசி நாலு பக்கமும் ஒரேமாதிரி படர்ந்திருக்க, இதில் மட்டும் ஒரு விளிம்பு தேய்ந்து பளபளத்தது. தினமும் ஒரு கை பிடித்துத் தூக்கிய விளிம்பு. கல்லைப் புரட்டினார். கீழே ஒரு பால் வால்வு, தண்ணீரைத் திறந்து அடைக்கிற சிவப்புக் கைப்பிடியோடு. குழாய் ஒட்டிய பசையின் நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது நேற்றுப் போட்டதல்ல, குளத்துக்கு என்ன வயதோ அதே வயது இதற்கும். குழாய் கரித்தொட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேரே குளத்துக்குப் போனது.

அவர் கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு மீன்கடைக்குப் போனார்.

"எப்பப் போட்டே?"

நாச்சிமுத்து தொட்டிக்குள் கைவிட்டுப் பாசி வழித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "குளம் கட்டறப்பவே போட்டாச்சு மச்சான். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. நானும் கொத்தனாருமா வெச்சு மூடிட்டோம்."

"திருட்டு லைன்."

"உங்க தொழில்ல அது திருட்டு. என் தொழில்ல அது இல்லாம ஒருத்தன் குளம் கட்டுனா, அவன்தான் கொலைகாரன்."

"அப்ப நீதான் போய்த் திறந்து விடறே."

இப்போது அவன் நிமிர்ந்தான். "நானா? அந்தக் கேட்டுக்குள்ள நான் கால் வெச்சே எத்தனை நாளாச்சுன்னு உங்க வாட்ச்மேனைக் கேளுங்க. மீனை வாசல்ல குடுத்துட்டுத் திரும்பிடறேன். வெள்ளைத் துணியை வெச்சுத் தேய்ச்ச அன்னிக்கு நீங்க நின்ன நிலை இருக்குதே மச்சான், அதை நான் மறக்கலை. திருடன்னு சொன்னவங்களைக்கூட மறந்துட்டேன்."

தொட்டியில் ஒரு மீன் கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு சென்னியப்பனையே பார்த்தது.

"அப்ப யாருக்குச் சொன்னே? அதையாவது சொல்லு."

"அதை மட்டும் கேட்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் பாசி வழிக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சென்னியப்பன் ஆள்களை ஒவ்வொருவராக எடுத்து மனதுக்குள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிள்காரர், சிவமலையின் தொழிலைக் கெடுக்க. ரேணுகா, சாவி தன்னிடம் தரப்படாத கோபத்தில். வாட்ச்மேன், கொத்தனார், எதிர்வரிசைச் சாவிக்காரர். சிவமலையேகூட இருக்கலாம், ஷேட் இல்லையென்று சொல்லிவிட்டு நிறத்தைத் தனியே பதுக்கலாம். எல்லோரிடமும் காரணம் இருந்தது, எல்லோரிடமும் கை இருந்தது. நொய்யல் அவென்யூவில் அவர் சந்தேகப்படாத ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். சந்தேகப்படவில்லை என்பதைக்கூட அவர் அப்போது கவனிக்கவில்லை.

விடியற்காலையில், பால்காரர் வருவதற்கு முன்னால், அவர் மருதாணிச் செடிக்குப் பின்னால் போய்க் குந்தினார். சாம்பல் வெளிச்சம் குளத்தின் மேல் இறங்கியது. வெள்ளை மீன்கள் ஒன்றுமேல் ஒன்றாக, யாரையோ எதிர்பார்ப்பதுபோல ஃபில்டர் பக்கத்து மூலையில் வந்து கூடின. மீன்கள் அறிந்த ஆள், என்று அவர் தனக்குள் குறித்துக்கொண்டார். பிறகு கோலமாவு படிந்த ஒரு கை வந்தது, கல்லின் விளிம்பைப் பிடித்தது, புரட்டியது.

அமராவதி கீழே உட்கார்ந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. இன்னொருமுறை இழுத்தாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "எந்திரிச்சு வாங்க," என்றாள். "இது பாதிக்கு மேல வர மாட்டேங்குது. அங்க எறும்புப் புத்து வேற இருக்குது."

சென்னியப்பன் எழுந்தார். எழும்போது முழங்கால் நொடித்தது.

"நான் இங்க இருக்கறது எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்கறது கேட்டுதுங்க." அவள் முன்னே இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாசக்கணக்காப் பக்கத்துல படுத்து அதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கறேன். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க எங்க சொல்றீங்க."

அவர் அந்தப் பார்வையை நினைத்துக்கொண்டார், நெஞ்சில் வந்து நின்று அளந்த பார்வை. வாழ்நாளில் எத்தனையோ சுவரோரங்களில் இப்படி ஒரு கையை வால்வின் மேல் வைத்துப் பிடித்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் எப்போதும் அவர் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு, திருட்டு லைன் என்று. அது இப்போது வாயில் வரவில்லை.

"நீ இதையெல்லாம் நம்பறியா? மீன் நெத்தியில இருக்கறது அழிஞ்சா..."

"நம்பறனா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க. அழிய விட்டுப் பார்க்கத்தான் தைரியமில்லை."

பொட்டுக்காரி விலகி வந்து வாய்க்குழாயின் அடியில் நின்றது. கரியைத் தொடாத தண்ணீர், கொஞ்சம் மீனும் கொஞ்சம் இலையும் கொஞ்சம் மண்ணும் சேர்ந்த வாசனையோடு, அதன் நெற்றியின் மேல் வந்து விழுந்தது.

சென்னியப்பன் குனிந்தார். "பால் வால்வை மாசத்துக்கு ஒருதரமாவது முழுசாத் திருப்பி விடணும்," என்றார். "இல்லைன்னா இறுகிப் போயிரும்." அவளுடைய கைகளின் மேலேயே தன் கையை வைத்து இழுத்தார். கைப்பிடி முனகிக்கொண்டு முழுதாகத் திரும்பியது. கரித்தொட்டிக்குள் தண்ணீரின் சத்தம் மெல்ல அடங்கி நின்றுபோனது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க," என்றாள் அமராவதி, கல்லை வைத்து மூடிக்கொண்டே. அவர் சரி என்றார்.

அந்த வாரக் கடைசியில் சங்கம் கூடியபோது குளத்தில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. வெளுத்த மீன்களில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் யார் நிறம் யாரிடம் என்கிற ஒழுங்கில்லாமல்: கறுத்திருந்தது பொன்னாக வந்தது, பொன்னாக இருந்தது திட்டுத்திட்டாகச் சிவந்தது, ஒரு மீன் எந்த மீனிடமும் இருந்திராத நீலத்தோடு வந்தது. அதையும் யாரும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் சென்னியப்பனைத்தான் பார்த்தார்கள்.

"கண்டுபிடிச்சீங்களா சார்? பைபாஸ் இருக்குதுங்களா?" என்றார் சிவமலை.

"நான் வரைஞ்ச டிசைன்ல பைபாஸ் இல்லீங்க."

"அப்ப நிறம் எங்கதாங்க போகுது?"

"எங்கயும் போகலை. மீன் மேலயே இருக்குது."

லேபிள்காரரின் கண் சென்னியப்பனின் நகங்களுக்குப் போனது, அதில் காய்ந்திருந்த பாசிக்குப் போனது, முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணுக்குப் போனது. அது என்ன மாதிரிப் பார்வை, அடுத்து எங்கே போகும், எதை எதோடு சேர்க்கும் என்பது சென்னியப்பனுக்கு அணு அணுவாகத் தெரியும். அந்தப் பார்வையின் அடியில் நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும்தான் அவருக்கு அதுவரை தெரியாமலிருந்தது. சென்னியப்பன் அந்த நிறத்தை ஈரோட்டுக்காரன் எவனுக்கோ விற்கிறார் என்று சிலரும், அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்று சிலரும் அன்றைக்குச் சாயங்காலமே பேசிக்கொண்டார்கள். அவர் நடக்கும்போது ஜன்னல்கள் அவரோடு கொஞ்சதூரம் நடந்தன.

அவர் நேராக வீட்டுக்கு வந்து, நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, அந்த லீவர் இறுக்கமா இருக்குது. ஞாயித்துக்கெழமை வந்து கொஞ்சம் கிரீஸ் போட்டுக் குடு. எனக்கு அந்த வேலை சரியாத் தெரியாது."

அந்தப் பக்கம் தொட்டிகளில் காற்றுக்குமிழ் வெடிக்கும் சத்தம் கேட்டது. "உள்ள வரணுங்களா, வாசல்லயே நிக்கணுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"உள்ள வா. அக்கா கறி எடுக்கச் சொல்லியிருக்கறா."

போனை வைத்தபோது அமராவதி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி, கை பழகியபடியே, ஜன்னல் வெளிச்சத்தில் தம்ளரைத் தூக்கிப் பிடித்தார். அதற்கு நேர் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவள் நெற்றிக் குங்குமம் அகன்று, தம்ளர் முழுக்க நிறைந்து, ஆடாமல் நின்றது. பார்ப்பதற்குத் தேவைப்பட்ட நேரத்தைவிடக் கூடுதலாக அவர் அதைப் பார்த்தார்.

"என்னுங்க, தூசி ஏதாச்சும் கிடக்குதா?"

"கிடக்குது," என்று சொல்லிவிட்டு, அவர் குடித்தார்.